ஆண்டி அயர்ன்ஸ் எப்படி இறந்தார்? டெங்குவா, போதை மருந்தா, இதயமா?

"சர்ஃபிங் சாம்பியன் ஆண்டி அயர்ன்ஸ் 2010-ல் இறந்தபோது முதலில் டெங்கு என்றார்கள், பிறகு போதை மருந்து என்றார்கள், கடைசியில் இதயம் என்றார்கள். எதை நம்புவது? கடலுக்குள் போய்க் கைகோத்து அழுத அத்தனை பேருக்கும் உண்மை தெரியாதா?" இதுதான் நீங்கள் கேட்டது. முதல் பாதி மருத்துவக் கேள்வி. இரண்டாம் பாதியில் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது: அந்த அழுகை உண்மையா, ஊருக்காக அழுததா என்று கேட்கிறீர்கள். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒன்றைத் தெளிவாகச் சொல்லாததால்தான் மற்றதன் மேல் சந்தேகம் வந்தது.

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் பல வருடங்களாக வேலை பார்க்கும் மருத்துவன். நன்றாக இருந்தவர் திடீரென்று இறந்துபோவதும், வெளியே நிற்கும் குடும்பத்திடம் அதைச் சொல்வதும் என் தொழிலின் பகுதி. சர்ஃபிங் போட்டிகளைக் கல்லூரி நாட்களிலிருந்து விடாமல் பார்க்கிறேன். ஆண்டியின் பிரேதப் பரிசோதனை முடிவுகளைப் பொதுவெளிக்கு வந்த அளவில்தான் படித்திருக்கிறேன். அறிக்கையைப் படித்தவனின் கருத்து வேறு, உடலைத் திறந்து பார்த்தவரின் கருத்து வேறு. அந்த வரம்புக்குள் நின்றுதான் பேசுகிறேன்.

ஆண்டி 1978 ஜூலையில் பிறந்தவர். ஹவாயின் கவாய் தீவில் ஹனலே என்ற சின்ன ஊர்க்காரர். அவரும் தம்பி புரூஸும் பைன் ட்ரீஸ் என்ற உள்ளூர்க் கடற்கரையில் அலையேறி வளர்ந்தவர்கள். 2002, 2003, 2004 என்று தொடர்ந்து மூன்று முறை ஆண்டி உலக சாம்பியன் ஆனார். அந்த மூன்று பட்டங்களின் எடை தெரிய வேண்டுமானால் எதிரில் நின்றது யார் என்று பார்க்க வேண்டும். கெல்லி ஸ்லேட்டர் அதற்குள் ஆறு முறை உலகப் பட்டம் வென்று, ஒதுங்கி, மறுபடி களத்துக்கு வந்திருந்தார். 2003 டிசம்பரில் ஹவாயின் ஓவாஹூ தீவில், பைப்லைன் என்ற இடத்தில் அந்த வருடத்தின் கடைசிப் போட்டி. அங்கே அலை ஆழமில்லாத பாறைத் திட்டின்மேல் குழாயாகச் சுருண்டு உடையும். தவறினால் விழுவது பாறையில். இறுதிச் சுற்று வரை பட்டம் யாருக்கென்று தெரியவில்லை. போட்டியையும் பட்டத்தையும் ஒரே நாளில் ஆண்டி எடுத்துக்கொண்டார். 2006-ல் அதே பைப்லைன் இறுதிச் சுற்றில் ஸ்லேட்டரை மறுபடி வீழ்த்தினார். ஸ்லேட்டரை அவருடைய உச்சத்திலேயே எதிர்த்து நின்று தோற்கடிக்க முடியும் என்று வருடக்கணக்கில் காட்டியவர் அந்தத் தலைமுறையில் இவர் ஒருவர்தான்.

மக்கள் அவரை நேசித்ததற்கு வெற்றி மட்டும் காரணமில்லை. தோற்றால் கோபப்படுவார், ஜெயித்தால் கத்துவார், எதிராளியைப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே சொல்வார். எல்லாரும் அளந்து பேசும் தொழில்முறை விளையாட்டில் மனதில் ஓடுவது முகத்தில் தெரியும் ஆள். 2009-ல் உலகச் சுற்றிலிருந்து, அதாவது வருடம் முழுக்க நாடு நாடாக நடக்கும் உலகப் பட்டத்துக்கான போட்டித் தொடரிலிருந்து, விலகினார். 2010-ல் திரும்பி வந்தார். செப்டம்பர் தொடக்கத்தில் தஹிதியின் தியாஹுபோவில், உலகின் மிகக் கனமான அலைகளில் ஒன்றில், போட்டியை வென்றார். மீண்டு விட்டார் என்று நாங்கள் எல்லாரும் நம்பினோம். அந்த வெற்றிக்குப் பின் இரண்டு மாதம்தான் இருந்தார்.

அக்டோபர் கடைசியில் போர்ட்டோ ரிக்கோவின் இசபெலாவில் அடுத்த போட்டி. உடம்பு முடியவில்லை என்று கடலில் இறங்காமலேயே விலகினார். ஹவாய்க்குத் திரும்பும் வழியில் டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸில் அடுத்த விமானம் ஏற முடியவில்லை. விமான நிலைய ஹோட்டலில் அறை எடுத்தார். 2010 நவம்பர் 2 காலையில் ஹோட்டல் ஊழியர்கள் கதவைத் திறந்தபோது படுக்கையில் இறந்து கிடந்தார். வயது 32. மனைவிக்கு எட்டாம் மாதம். டிசம்பரில் மகன் பிறந்தான்.

டெங்கு என்ற பேச்சு அன்றே தொடங்கியது. அவருடைய ஸ்பான்சர் நிறுவனத்தின் இரங்கல் அறிக்கையிலேயே அவர் டெங்குவோடு போராடி வந்ததாக ஒரு வரி இருந்தது. உலகம் முழுக்கச் செய்தித்தாள்கள் அதைத்தான் எடுத்துப் போட்டன. அன்றைய நிலையில் அது நம்ப முடியாத கதையும் இல்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவில் அதுவரை காணாத அளவு டெங்கு பரவியிருந்தது. ஆனால் கொசு கடித்துக் காய்ச்சல் தொடங்க பொதுவாக நான்கு முதல் பத்து நாள் ஆகும். போட்டி தொடங்கியவுடனே உடம்புக்கு முடியாமல் கிளம்பிவிட்ட ஒருவருக்கு அந்தத் தீவில் டெங்கு ஒட்டியது என்பது கணக்குக்கு இடிக்கிறது. வருவதற்கு முன் வேறு எங்காவது கடித்திருந்தால் உண்டு. டெங்கு கொல்லும் விதமும் வேறு. ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து, ரத்த அழுத்தம் சரிந்து, வயிற்றுவலியும் வாந்தியும் ரத்தக்கசிவுமாக, பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் கட்டத்தில் மணிக்கணக்கில் மோசமாகும். படுத்த படுக்கையில் சத்தமில்லாமல் போவது அதன் வழக்கமான முகம் இல்லை. இதெல்லாம் ஊகம் என்று தள்ளினாலும் ஒன்று தள்ள முடியாதது: பிரேதப் பரிசோதனை மரணத்துக்குச் சொன்ன காரணங்களில் டெங்கு இல்லை.

அந்த அறிக்கை வெளியே வர 2011 ஜூன் ஆயிற்று. இடையில் குடும்பத்தினர் நீதிமன்றத்தை அணுகி அதைத் தள்ளிவைத்ததும் நடந்தது. சந்தேகத்தை வளர்த்ததில் அதற்குப் பங்கு உண்டு. டெக்சாஸின் டாரண்ட் கவுன்டி மருத்துவப் பரிசோதகர், அதாவது திடீர் மரணங்களின் காரணத்தை ஆராயும் அரசு மருத்துவர், சொன்ன முதன்மைக் காரணம் இதயம். இதயத்தின் முன்பக்கம் முழுவதற்கும் ரத்தம் கொண்டுபோகும் இடது முன் இறங்கு தமனியில் கொழுப்புப் படிந்து 70 முதல் 80 சதவீதம் வரை சுருங்கியிருந்தது. அதனால் இதயம் திடீரென்று நின்றது. இரண்டாவது காரணமாக அவர் எழுதியது, பல மருந்துகள் சேர்ந்த நச்சு விளைவு. ரத்தத்தில் பதற்றத்தைத் தணிக்கும் ஆல்பிரசோலம், வலிநிவாரணியான மெத்தடோன், கொக்கேன் சிதைந்தபின் மிஞ்சும் வேதிப்பொருள், சிறிதளவு மெத்தாம்ஃபெட்டமின் என்ற ஊக்கப் போதைப்பொருள் ஆகியவை இருந்தன.

எழுத்தில் இருக்கும் உறுதியான விஷயம் இவ்வளவுதான். கேள்வி கேட்கிற எல்லாரும் "அப்படியானால் எது?" என்று ஒற்றைப் பெயர் எதிர்பார்க்கிறார்கள். உடம்பு அப்படிப் பிரித்துக் கொடுப்பதில்லை.

முதலில் அடைப்பு. 70 சதவீதத்துக்கு மேல் அடைத்திருந்தால் நாங்கள் அதைக் கடுமையான அடைப்பு என்றே எடுத்துக்கொள்வோம். ஓய்வில் ரத்தம் போதும். இதயம் வேகமெடுக்கும்போது போதாது. பசித்த தசையில் மின்துடிப்பு தாறுமாறாகி, இதயம் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கும். சில நிமிடத்தில் உயிர் போய்விடும். பலருக்கு இதயநோயின் முதல் அறிகுறியே திடீர் மரணம்தான். நெஞ்சுவலி என்று ஒருமுறை கூடச் சொல்லாதவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பைப்லைனில் மூச்சடக்கித் தப்பிய உடம்புக்கு இது வருமா என்று கேட்பீர்கள். வரும். உடற்தகுதியும் ரத்தக்குழாயின் நிலையும் வேறு வேறு. குடும்பத்தினர் கேட்டுக்கொண்டதன் பேரில் அறிக்கையைப் பார்த்த புகழ்பெற்ற தடயவியல் நோய்க்குறியியல் நிபுணர் வின்சென்ட் டி மாயோ, இந்த மரணத்துக்கு இதயமே காரணம் என்றார். இந்த வயதில் இப்படி ஓர் அடைப்புக்குப் பரம்பரைக் கூறு இருக்கக்கூடும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான்.

ஆனால் மருந்துகளை ஓரமாக வைத்துவிட்டு இதயத்தை மட்டும் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கொக்கேன் இதய ரத்தக்குழாயை இறுக்கும், ரத்தம் உறையத் தூண்டும், இதயத்துக்கு ஆக்சிஜன் தேவையைக் கூட்டும். தொடர்ந்து எடுப்பவர்களுக்குக் கொழுப்புப் படிவதே விரைவாகும் என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. மெத்தடோன் ஓபியாய்டு வகை, அதாவது அபினைப் போல வேலை செய்யும் மருந்து. இதயத்தின் மின்சுழற்சியை நீட்டித்து ஆபத்தான துடிப்புக் கோளாறை உண்டாக்கக்கூடியது, மூச்சையும் மட்டுப்படுத்தும். அதோடு ஆல்பிரசோலம் சேர்ந்தால் மூச்சு இன்னும் ஆழமாக அமுங்கும். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இந்த இரு வகை மருந்துகளைச் சேர்த்து எடுப்பதன் ஆபத்தைப் பற்றி மிகக் கடுமையான எச்சரிக்கையை மருந்துத்தாளில் அச்சிட வைத்தது 2016-ல். நம் ஊரில் தூக்கம் வரவில்லை என்று கடையில் கேட்டு வாங்கும் அதே ஆல்பிரசோலம்தான் இது.

அறிக்கை தீர்க்க முடியாத இடம் ஒன்று உண்டு. மெத்தடோன் பழகிய உடம்பு தாங்கும் அளவு பழகாத உடம்பைக் கொன்றுவிடும். இறந்தபின் சில மருந்துகள் திசுக்களிலிருந்து ரத்தத்துக்குள் கசிந்து அளவு கூடியும் தெரியும். அதனால் ரத்தத்தில் இருந்த எண்ணை மட்டும் வைத்து "இதுதான் கொன்றது" என்று எந்த மருத்துவரும் சத்தியம் செய்ய முடியாது. அந்தக் கடைசி நாட்களின் உடம்பு முடியாமையும் அப்படித்தான். உடல்வலி, வியர்வை, குமட்டல், நடுக்கம் என்று வருபவருக்கு வைரஸ் காய்ச்சல் இருக்கலாம், ஓபியாய்டு நின்றுபோன அவதி இருக்கலாம், இதயத்துக்கு ரத்தம் போதாமலும் இருக்கலாம். மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வது எங்கள் பிரிவில் அன்றாடம் நடக்கிறது, அதுவும் நோயாளி கண்முன் இருக்கும்போதே. ஆண்டிக்கு என்னவாக இருந்தது என்று இன்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. என் மதிப்பீடு இது: ஏற்கெனவே பழுதான இதயம், அதன்மேல் அது தாங்கக்கூடாத மருந்துச் சுமை. பரிசோதகர் இரண்டையும் எழுதி, இதயத்தை முன்னால் வைத்தது நேர்மையான முடிவு என்றே நினைக்கிறேன்.

பேச்சோடு பேச்சாக ஒன்று. 32 வயதில் இப்படி அடைப்பா என்று அதிசயப்பட நமக்குத் தகுதி இல்லை. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிடச் சராசரியாக ஐந்து முதல் பத்து ஆண்டு முன்னதாகவே வருகிறது. உங்கள் அப்பாவுக்கு 55 வயதுக்குள்ளோ அம்மாவுக்கு 65 வயதுக்குள்ளோ இதயநோய் வந்திருந்தால், தினமும் ஓடுகிறேன், ஜிம்முக்குப் போகிறேன் என்று இருந்துவிடாதீர்கள். இருபதுகளிலேயே கொலஸ்ட்ரால் பாருங்கள். வாழ்நாளில் ஒருமுறை லிப்போபுரோட்டீன்-ஏ என்ற, பரம்பரையாக வரும் ரத்தக் கொழுப்பின் அளவையும் பாருங்கள்.

இனி அந்த அழுகைக்கு வருகிறேன். நீங்கள் படங்களில் பார்த்தது பேடில் அவுட். பலகையில் குப்புறப் படுத்துக் கைகளால் துடுப்புப் போட்டு, அலை உடையும் இடத்தைத் தாண்டிப் போய், எழுந்து உட்கார்ந்து, கைகோத்து வட்டமாகச் சேர்வார்கள். மலர்மாலைகளைத் தண்ணீரில் இடுவார்கள். அஸ்தி இருந்தால் நடுவில் கரைப்பார்கள். பிறகு உள்ளங்கையால் தண்ணீரை அடித்து எழுப்பி, போனவர் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். இது ஆதி ஹவாயியச் சடங்கு என்று பலர் எழுதுகிறார்கள், அப்படி இல்லை. பழைய ஹவாயில் முன்னோரின் எலும்புக்குத்தான் மதிப்பு. தலைவர்களின் எலும்புகளை யாரும் அறியாத குகைகளில் ஒளித்துவைத்தார்கள். பேடில் அவுட் இருபதாம் நூற்றாண்டில் வைகிகி கடற்கரையில் வேலை பார்த்தவர்களிடையே வளர்ந்தது. ஒலிம்பிக் நீச்சல் தங்கம் வென்றவரும் சர்ஃபிங்கை உலகுக்குக் கொண்டுபோனவருமான டியூக் கஹனமோக்கு 1968-ல் இறந்தபோது அவர் அஸ்தியை வைகிகிக்கு வெளியே கடலில் கரைத்தார்கள். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் அதுவே முன்மாதிரி. வயது நூறு இருக்கும் சடங்கு என்பதால் அதன் கனம் குறைந்துவிடாது.

ஆண்டிக்குப் போர்ட்டோ ரிக்கோவிலேயே போட்டியை நிறுத்திவிட்டு அப்படிக் கூடினார்கள். நவம்பர் 6 அன்று அதே போட்டியில் ஸ்லேட்டர் பத்தாவது உலகப் பட்டத்தை உறுதிசெய்தார். சர்ஃபிங் வரலாற்றிலேயே பெரிய நாளாக இருந்திருக்க வேண்டியது. அவர் அதை ஆண்டிக்குக் காணிக்கையாக்கினார். நவம்பர் 14 அன்று ஹனலே விரிகுடாவில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். மனைவியும் தம்பியும் அங்கே அஸ்தியைக் கரைத்தார்கள். கலிபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அவரை ஒருமுறைகூட நேரில் பார்க்காதவர்கள் கடலுக்குள் போனார்கள்.

இவர்களுக்குத் தெரியாதா? கடற்கரையில் நின்ற ஆயிரக்கணக்கானோருக்குப் பெரும்பாலும் தெரியாது. அருகில் இருந்தவர்களுக்குத் தெரியும். பதினெட்டு வயதிலேயே அவருக்கு இருதுருவ மனநோய் இருப்பது கண்டறியப்பட்டது என்று 2011-ல் குடும்பமே சொன்னது. உயரே போகும்போது உலகையே வெல்லலாம் என்றிருக்கும். கீழே வரும்போது படுக்கையை விட்டு எழ முடியாது. சரியான சிகிச்சை இல்லாமல் அந்த ஆட்டத்தைத் தாங்கிக்கொள்ளத் தானாக மருந்து தேடிக்கொள்பவர்களைப் பற்றி எந்த மனநல மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார். அவருடைய போதைப் பழக்கம் சர்ஃபிங் வட்டாரத்தில் பல வருடம் எல்லாருக்கும் தெரிந்து யாரும் எழுதாத விஷயமாக இருந்தது. சர்ஃபிங் பத்திரிகைகள் பிழைத்தது ஸ்பான்சர்களின் விளம்பரத்தில். எழுதுகிறவரும் எழுதப்படுகிறவரும் ஒரே படகில் ஒரே தீவுக்குப் போகிற சின்ன உலகம் அது. உலகச் சுற்றில் போதைப்பொருள் சோதனையே 2012-ல்தான் வந்தது.

இதைவிட ஆழமான ஒரு காரணமும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அந்தச் சமூகத்துக்குக் கடலில் போன உயிருக்கு அழத் தெரியும். 1978-ல் ஹோக்குலேயா என்ற படகு கவிழ்ந்தபோது உதவி கொண்டுவருகிறேன் என்று பலகையில் துடுப்புப் போட்டுத் தனியாகப் போன ஹவாய் சர்ஃபர் எடி ஐக்காவ் திரும்பவே இல்லை, மற்றவர்கள் மீட்கப்பட்டார்கள். அவர் பெயரில் இன்றும் வைமியா விரிகுடாவில் பேரலை வந்தால் மட்டும் போட்டி நடக்கிறது. 1994-ல் பேரலை சர்ஃபர் மார்க் ஃபூ கலிபோர்னியாவின் மேவரிக்ஸில் அலைக்கடியில் இறந்தார். அந்த மரணங்களைச் சொல்ல அவர்களிடம் மொழி இருந்தது. ஹோட்டல் அறையில், படுக்கையில், ரத்தத்தில் நான்கு மருந்துகளோடு இறந்த சாம்பியனைப் பற்றி எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. டெங்கு அந்த இடத்தை நிரப்பியது: நாடு நாடாகத் திரிந்து அலை தேடுகிறவனுக்கு வரக்கூடிய, யாரும் தலைகுனிய வேண்டியிராத நோய்.

இதைக் கேட்டு அவர்கள்மேல் கோபப்படுவதற்கு முன் நம் வீட்டையும் பார்க்க வேண்டும். குடியால் ஈரல் போய் இறந்தவரின் சாவுக்குப் போனால் வாசலில் என்ன சொல்வார்கள்? "ரெண்டு நாளா காய்ச்சல், நெஞ்சு வலின்னாரு." கூடியிருப்பவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் மறுத்துப் பேச மாட்டார்கள். அதனால் அந்த ஒப்பாரி பொய்யாகிவிடுமா? என் வார்டுக்கு வெளியே மனைவிமார்கள் அழுவதைக் கேட்டவன் சொல்கிறேன், அந்த அழுகையில் பொய் இல்லை. ஹனலேயிலும் அப்படித்தான். ஸ்லேட்டரும் ஆண்டியும் வருடக்கணக்கில் ஒருவரை ஒருவர் சகிக்காமல் இருந்து பின்னால் நண்பர்கள் ஆனவர்கள். அந்த வாரம் ஸ்லேட்டரின் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் நடிப்பு என்று சொல்ல மாட்டார்கள். அழுகை உண்மை. மௌனமும் உண்மை. மௌனத்துக்கு விலையும் இருந்தது. நிறைய பேர் நேசித்த ஒருவரிடம் "நீ மருத்துவமனைக்கு வா" என்று உரக்கச் சொல்ல, அப்படி நேசித்தவர்களில் போதுமான பேர் இல்லாமல் போனார்கள். உள்ளுக்குள் சிலர் சொன்னார்கள், போராடினார்கள், மனைவி எல்லாரையும்விட அதிகம் போராடினார். ஆனால் வெளியே ஒரு தொழிலே அவர் நன்றாக இருக்கிறார் என்று காட்டிக்கொண்டிருந்தபோது வீட்டுக்குள் ஒரு பெண் எவ்வளவு இழுக்க முடியும்?

அந்த மௌனம் பின்னால் உடைந்தது. உடைத்தது குடும்பமே. 2018-ல் வந்த ஓர் ஆவணப்படத்தில் மனைவி லிண்டியும் தம்பி புரூஸும் மனநோயையும் ஓபியாய்டு அடிமைத்தனத்தையும் பெயர் சொல்லியே பேசினார்கள். கேட்கவே கனமாக இருக்கும், அவ்வளவு வெளிப்படை. லிண்டி, ஆண்டியின் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கி, மனநலப் பிரச்சினையிலும் போதையிலும் சிக்கும் இளையவர்களுக்காக வேலை செய்கிறார். அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து கவாய்ப் பிள்ளைகளுக்காகப் பைன் ட்ரீஸில் தொடங்கிய சர்ஃபிங் போட்டி ஆண்டி போன பிறகும் நடந்து வந்திருக்கிறது. ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: தெரிந்தவர்கள் சிலர், தெரியாதவர்கள் பலர், தெரிந்தும் பேசாதவர்களில் பலருக்கு அது இன்றும் உறுத்துகிறது, முதலில் வாய் திறந்தது அதிகம் இழந்தவர்கள்தான்.